ஆர்விட் சாண்ட்மோவின் ஆட்சேபணை

கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வெர்லின் ஹாகென் மூன்று முறை படித்தார். முதல் முறை நின்றபடி, இரண்டாம் முறை உட்கார்ந்து, மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. மூன்று முறையும் அதே சங்கதிதான் இருந்தது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் வேனை ஓட்ட முன்வந்ததற்கு நன்றி. ஆனால் தங்கள் பெயரில் ஆட்கடத்தல் வழக்கு ஒன்று பதிவாகியிருப்பதால், தங்களை நம்பி ஆட்களை ஏற்றி அனுப்ப இயலாது.

அவர் மனைவி லவோன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“இந்த ஊர்ல அந்த வேன்ல ஏறப்போற ஒரே ஆளு ஆர்விட். நீ கடத்தினதும் அவரைத்தான். நியாயமாப் பார்த்தா உனக்கு முன்அனுபவம் இருக்குன்னுல்ல எழுதியிருக்கணும்?”

“நான் அவரைக் கடத்தல, லவோன். குடிலைத்தான் திருடினேன். அவர் உள்ள இருந்தார்.”

“அதைத்தான் நாப்பத்தோரு வருஷமா சொல்ற.”

வெர்லினுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லூத்தரன் கிறிஸ்தவக் கோயிலின் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்கள் காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுப் போக விளக்குமாறு வைப்பவர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் ‘நில்’ என்ற பலகையைக் கண்டால் வண்டியை நிறுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் கிளம்புவார். அப்படிப்பட்டவர் இருபத்தொரு வயதில் ஒரே ஒரு பகல் மட்டும் திருடனாக இருந்தார்.

அது மினசோட்டாவின் மார்ச் மாதம். உறைந்த ஏரியில் துளை போட்டு உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்பதற்காகக் குளிர்காலம் முழுக்க நின்ற மரக் குடில்களை, பனி இளகுமுன் இன்ன தேதிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது சட்டம். கெடுவுக்கு முதல் நாள், ஏரியின் வடகோடியில் ஒரு பச்சைக் குடில் தனியாக நின்றது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. யாருக்கும் வேண்டாத குடில் போலிருக்கிறது என்று வெர்லின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுவரில் பெரிய எழுத்தில் உரிமையாளரின் பெயர் இருந்தது. அதற்காகவே கையோடு கொண்டுபோயிருந்த அரை டப்பா சிவப்புப் பெயிண்டால் அந்தப் பெயரைப் பூசி மறைத்தார். பிறகு தன் பிக்கப் வண்டியில் சங்கிலியால் கட்டி, ஒன்பது மைல் இழுத்துக்கொண்டு போய்த் தன் அம்மாவின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்.

குடிலின் கதவு திறந்தது. ஒரு கையில் மீனும் ஒரு கையில் தொப்பியுமாக ஆர்விட் சாண்ட்மோ வெளியே வந்தார். “மன்னிக்கணும், இது எந்த ஊரு?” என்று வெகு மரியாதையாகக் கேட்டார்.

வெர்லினின் அம்மா இங்கா முதலில் ஆர்விட்டுக்குப் பான்கேக் சுட்டுப் போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஷெரிஃபுக்குப் போன் செய்தாள், பெற்ற மகனைப் பிடித்துக் கொடுக்க. சட்டம் தெரிந்த உற்சாகத்தில் இருந்த ஒரு புது டெபுடி போலீஸ்காரன், திருட்டோடு ஆட்கடத்தலையும் சேர்த்து எழுதிவிட்டான். ஒரே வாரத்தில் ஆட்கடத்தலைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். திருட்டுக்கு முப்பது நாள் சிறை. ஊர் அதோடு விட்டது. கம்ப்யூட்டர் விடவில்லை.

இப்போது ஆர்விட்டுக்கு எண்பத்து நான்கு. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு, சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாரம் மூன்று நாள், நாற்பத்து நான்கு மைல் தள்ளி டயாலிசிஸ். நாற்காலியோடு ஏற்றும் வேன் ஒன்று கவுண்டியிடம் சும்மா நிற்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை. பக்கத்துக் கவுண்டி வண்டி வந்து போவது ஏப்ரல் மாதம் வரைதான். அதற்குப் பிறகு அவர் வீட்டைப் பூட்டிவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போக வேண்டும்.

“அங்க ஏரி உறையவே உறையாதாம். நிக்கறதுக்கு உறுதியா ஒரு தண்ணி இல்லாத ஊர்ல மனுஷன் எப்படி இருக்கறது?” என்று ஆர்விட் காப்பிக்கடையில் ஒரு தடவை மட்டும் சொன்னார். அந்த ஊரில் ஒரு மனிதர் அவ்வளவு சொன்னால், விழுந்து புரண்டு அழுததாக அர்த்தம். வெர்லின் மறுநாளே விண்ணப்பம் போட்டது அதனால்தான்.

மாதம் ஒரு முறை செயின்ட் பால் நகரத்திலிருந்து ஓர் இலவச வழக்கறிஞர் நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வருவார். பெயர் மாய் ஷியோங். சுறுசுறுப்பான பெண். எதையும் நேராகக் கேட்டு நேராகப் பதில் எதிர்பார்க்கும் நகரத்துப் பழக்கம் அவளுக்கு.

“கவலையே படாதீங்க சார். நாப்பது வருஷத்துப் பழசு. பதிவை மூடி முத்திரை வைக்கச் சொல்லி மனு போடலாம். நடந்ததை மட்டும் ஒண்ணு விடாம எழுதிக் கொடுங்க.”

“மறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஞாபகமா எழுதணுமா?”

“எதை மறக்கணும்னு அரசாங்கத்துக்குத் தெரியணுமில்ல?”

வெர்லின் நான்கு பக்கம் எழுதினார். மாய் படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

“பெயிண்ட் பூசினீங்களா? போலீஸ் அறிக்கையில அது இல்லவே இல்லையே!”

“இல்லதான். ஆனா பூசினேனே.”

“சார், குற்றத்தை அழிக்கற மனுவுல புதுக் குற்றம் சேர்க்கற முதல் ஆளு நீங்கதான்.”

மனுவின் நகல் பாதிக்கப்பட்டவருக்கும் போகும், அவருக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றாள் மாய். வெர்லின் சிரித்தே விட்டார். பாதிக்கப்பட்டவருக்காகத்தானே மனுவே!

இதற்கிடையில் லவோன் தன்னால் ஆனதைச் செய்தாள். கோயிலின் வாரச் செய்தித்தாளில் ஜெபக் குறிப்புகள் வரும் இடத்தில், இடுப்பு ஆபரேஷன்களுக்கும் மழைக்கும் நடுவே, ‘வெர்லின் ஹாகெனின் பழைய திருட்டும் ஆட்கடத்தலும் அடியோடு மறக்கப்பட’ என்று போடச் சொன்னாள். நூற்று எண்பது பிரதி அச்சாயிற்று. அதுவரை அதை ஆர்விட் காப்பிக்கடையில் அளந்துவிடும் கதை என்றே நினைத்திருந்த நாற்பது வயதுக்குக் கீழானவர்கள் எல்லாரும், அந்த ஞாயிறு வெர்லினின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக் குலுக்கினார்கள்.

பத்து நாள் கழித்து மாய் போன் செய்தாள்.

“சார், ஆர்விட் சாண்ட்மோ பதில் அனுப்பியிருக்கார். ‘ஆட்சேபணை உண்டு’ங்கற கட்டத்துல டிக் போட்டிருக்கார்.”

வெர்லின் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். “காரணம் ஏதாவது எழுதியிருக்காரா?”

“‘அவசரம் ஒண்ணும் இல்லை’ன்னு எழுதியிருக்கார். அப்படின்னா என்ன அர்த்தம்?”

“ரொம்பக் கடுமையா எதிர்க்கறார்னு அர்த்தம்” என்றார் வெர்லின்.

அன்று மத்தியானமே ஆர்விட்டின் வீட்டுக்குப் போனார். வாசல் சரிவில் பனி இறுகிக் கண்ணாடியாக இருந்தது. ஆர்விட் நாற்காலியை உருட்டி வந்து கதவைத் திறந்தார்.

“காப்பி குடிக்கறியா?”

“வேணாம், இப்பதான் குடிச்சேன்.”

“போட்டது இருக்கு.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“கீழதான் கொட்டணும்.”

“அப்படின்னா அரைக் கோப்பை.”

மூன்று கோப்பை குடித்தார். காற்று வடக்கிலிருந்து அடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அது மேற்கே திரும்பினாலும் திரும்பும் என்பதைப் பற்றிப் பேசினார்கள். ஆர்விட் எலுமிச்சைக் கேக் வெட்டினார். வெர்லின் கிளம்பி எழுந்து, கதவருகே இருபது நிமிடம் நின்று பேசி, வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி இன்னும் பத்து நிமிடம் பேசிவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் மாய் போனில் கேட்டாள். “போய்ப் பார்த்தீங்களா? ஏன் எதிர்க்கறாராம்?”

“ரெண்டு மணி நேரம் இருந்தேன். கேக்கல.”

“ரெண்டு மணி நேரம் இருந்தீங்களே சார்!”

“கேக்கலாம்னுதான் போனேன். அவர் கேக் வெட்டிட்டாரு. வீட்டுக்குள்ள உக்காந்து அவர் கேக்கைச் சாப்பிட்டுக்கிட்டே அதைப் போய் எப்படிக் கேக்கறது?”

மாய் விசாரணைத் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வெர்லின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தார். நாற்பத்தொரு வருடமாக ஆர்விட் அந்தக் கதையைக் காப்பிக்கடையில் சொல்லி வருகிறார். ஊருக்கு யார் புதிதாக வந்தாலும், மருந்து விற்பவரோ மாப்பிள்ளையோ, முதல் வாரத்தில் அந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். பக்கத்து மேஜையில் இருந்தால் வெர்லின் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். சிரித்துக்கொண்டு சொல்கிறாரே, மன்னித்துவிட்டார் என்று இருந்துவிட்டார். கையசைத்தார், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆகவே மன்னித்துவிட்டார். அப்போதுதான் ஒன்று சுரீரென்று உறைத்தது. நீதிபதியிடம் ‘குற்றவாளிதான்’ என்று சொல்லியிருக்கிறார். அம்மா சுட்ட ரொட்டியை ஆர்விட் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் ஆர்விட்டின் முகத்தைப் பார்த்து ‘என்னை மன்னிச்சிடுங்க’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஞாயிறு தவறாமல் கடவுளிடம் கேட்டவர், நாலு தெரு தள்ளி இருந்த மனிதரிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் போனார். இந்தத் தடவை மணியடிக்கவில்லை. வாளியில் மணல் கொண்டுபோய், வாசல் சரிவில் பனியைக் கொத்தி எடுத்து, மணல் தூவிவிட்டு வந்தார். ஆட்சேபணை இருக்கிற மனிதரும் வழுக்கி விழக் கூடாதல்லவா? அடுத்த நாளும் போனார். விசாரணை நாள் வரை தினமும் போனார். ஆர்விட் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். வெர்லின் வாளியை உயர்த்திக் காட்டுவார். அவ்வளவுதான்.

விசாரணை ஏப்ரல் இரண்டாம் வாரம் நடந்தது. நீதிபதி ஜோன் ரிட்டர் பக்கத்து மாவட்டத்துக்காரர்; கதை தெரியாதவர். அரசு வழக்கறிஞரும் இளைஞன், அவனுக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே இருக்கைகள் நிரம்பியிருந்தன. மாய் எழுந்து வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தாள். ஆர்விட்டை நாற்காலியோடு முன்னே உருட்டி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்.

“உங்கள் ஆட்சேபணை என்ன?” என்று நீதிபதி கேட்டார்.

“மொதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா. வெர்லின் மேல எனக்குக் கோபம் இல்ல. நல்ல பையன்.”

“அப்படியானால்?”

“அதைச் சொல்லணும்னா மொதல்லேர்ந்து சொல்லணும்.” ஆர்விட் தொண்டையைச் செருமினார். பின்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். “நான் குடில்ல படுத்துத் தூங்கிட்டிருந்தேன். தம்பி காலைல கொண்டுவந்து விட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருந்தான். தூக்கத்துல பெயிண்ட் வாசனை வந்துது. சரி, வசந்தம் வந்துடுச்சு, யாரோ படகுக்கு வர்ணம் அடிக்கறாங்கன்னு நெனச்சுப் புரண்டு படுத்தேன். அப்புறம் பார்த்தா வீடு நகருது! ஐஸ் ஒடைஞ்சுபோச்சு, மிதந்து போறேன்னு முடிவு பண்ணிட்டேன். மணிக்கு முப்பது மைல் வேகத்துல மிதக்கறேம்மா.”

“ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாமே?”

“ஜன்னலுக்கும் சேர்த்துப் பூசிட்டானே!”

நீதிபதி வெர்லினைப் பார்த்தார். “அவசரத்துல பூசினது” என்றார் வெர்லின், நிமிராமலே. மாய் நெற்றியில் கை வைத்தாள்.

“சரி, போகப்போறோம், பாடிக்கிட்டே போவோம்னு கோயில் பாட்டை எடுத்து ஒசத்திப் பாடினேன். நாலு சரணமும்.”

“ஹாகென், உங்களுக்கு அது கேட்கவில்லையா?”

“கேட்டுதும்மா. ரேடியோன்னு நெனச்சேன். அந்த வண்டியில ரேடியோவே கிடையாதுங்கறது வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துது.”

அரசு வழக்கறிஞன் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

“நடுவுல மிதக்கறது நின்னுது” என்று ஆர்விட் குரலைத் தாழ்த்தினார். “ரயில் சத்தம் கேக்குது. ஏரிக்கு நடுவுல ரயில்! என்னைக் கூட்டிப்போக வந்துட்டாங்கன்னு புரிஞ்சுது. மேல போறதுக்கு ரயில் இருக்குன்னு எங்க போதகர் ஒரு வார்த்தை சொல்லலையேன்னு அவர் மேலதான் வருத்தம். அப்புறம் மறுபடி மிதந்து, நின்னு, கதவைத் தொறந்தா, ஒரு அம்மா கரண்டியோட நிக்கறாங்க. மேலுலகத்துல பான்கேக் போடறாங்க, பரவாயில்லைன்னு நெனச்சேன்.”

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “மிஸ்டர் சாண்ட்மோ, இதில் ஆட்சேபணை எங்கே இருக்கிறது?”

ஆர்விட் முழங்கால் மேல் இருந்த தொப்பியைச் சுற்றினார். கதை சொல்லும் தோரணை அவர் குரலிலிருந்து போய்விட்டது.

“அந்தக் கடிதாசில, பதிவு அழிஞ்சா அந்தச் சம்பவம் நடக்காத மாதிரின்னு போட்டிருந்துது. நடக்காததை நான் எப்படிம்மா சொல்லுவேன்? சட்டம் நடக்கலைன்னு சொல்லி, நான் நடந்துதுன்னு சொன்னா, அப்புறம் குத்தவாளி நானில்ல? எனக்கு வேற கதை கிடையாது. நான் வேற எங்கயும் போனதில்ல.”



நீதிபதி சற்று முன்னால் சாய்ந்தார். “என் ஆணை அரசாங்கத்தின் அலமாரிக்குத்தான், மிஸ்டர் சாண்ட்மோ. உங்கள் வாய்க்கு இல்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.”

“எழுதித் தருவீங்களா?”

நீதிபதி பேனாவை எடுத்து ஆணையின் கடைசியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ‘திரு. சாண்ட்மோ இக்கதையைச் சொல்வதை இவ்வாணை எவ்வகையிலும் தடுக்காது.’

“அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக் குடுத்தாலும் நல்லது. ஏப்ரல் போயிட்டே இருக்கு.”

மாய் மகிழ்ச்சியோடு கோப்பை மூடப் போனாள். வெர்லின் எழுந்து நின்றார்.

“உக்காருங்க சார், ஜெயிச்சாச்சு” என்று அவள் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

வெர்லின் உட்காரவில்லை. ஆர்விட்டின் பக்கம் திரும்பினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, காது மடல்கள் சிவந்து, “ஆர்விட், நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட இதுவரைக்கும் நேரா சொன்னதே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க” என்றார்.

அப்படி ஒரு பேச்சை முகத்துக்கு நேரே பேசி அந்த ஊருக்குப் பழக்கமில்லை. எல்லாரும் தத்தம் காலணிகளைப் பார்த்தார்கள். ஆர்விட்டும் தன் காலணிகளைப் பார்த்தார். பிறகு, “இன்னைக்குக் காத்து மேற்க திரும்பியிருக்கு, கவனிச்சியா?” என்றார். வெர்லின் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். பதில் வரவில்லை. ஆனாலும் கேட்டாயிற்று.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வெர்லின் கவுண்டியின் வேனைக் கொண்டுபோய் ஆர்விட்டின் வாசலில் நிறுத்தினார். நாற்காலியை ஏற்றி, நான்கு பட்டைகளையும் மாட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

“இந்தத் தடவை ஜன்னல் இருக்கு” என்றார் ஆர்விட், திருப்தியாக.

முதல் ஐந்து மைல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. தானியம் ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னாலிருந்து ஆர்விட்டின் குரல் வந்தது.

“இதே கேட்டுதான். கூட்டிப்போக வந்துட்டாங்கன்னு நெனச்சேன்னு கதையில சொல்றேனில்ல? அதுக்கப்புறம் நடந்ததை நான் யாருக்கும் சொல்றதில்ல.”

வெர்லின் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“என் பொண்டாட்டி சோல்வெய்க் தவறிப்போனது அதுக்கு முந்தின நவம்பர்ல. மார்ச் வரைக்கும் நான் சும்மா நடமாடிக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான். அன்னைக்கு ஐஸ் இளகுற சத்தம் கேட்டும் எழுந்து போகத் தோணல. ஆனது ஆகட்டும்னு படுத்துட்டேன். ரயில் சத்தம் கேட்டுது பாரு, வாயை விட்டுக் கத்தினேன்: ‘ஆண்டவரே, இன்னைக்கு வேணாம்!’ அவ போனப்புறம் நான் அவர்கிட்ட கேட்ட மொதல் காரியம் அதுதான். உடனே செவி சாய்ச்சார். கதவைத் தொறந்தா உங்கம்மா. ‘ஐயோ பாவம், கை சில்லுன்னு இருக்கே, உள்ள வாங்க’ன்னாங்க.” அவர் நிறுத்திக்கொண்டார். கடைசிப் பெட்டியும் போய் கேட் உயர்ந்தது. “அன்னைக்குக் கோர்ட்ல ஒண்ணு கேட்டியே. அதைக் குடுத்து நாப்பத்தோரு வருஷமாச்சுப்பா. உனக்குச் சொல்லணும்னு தோணாமப் போச்சு.”

வெர்லின் தண்டவாளத்தின் இரு பக்கமும் பார்த்தார். வழியே போகும் வண்டி எதுவும் இல்லாதபோதும் மூன்று எண்ணினார். அன்று மூன்று எண்ண வெகு நேரம் பிடித்தது. பிறகு மெல்ல வண்டியை எடுத்தார்.

டயாலிசிஸ் பிரிவில் ஒரு புதிய நர்ஸ் இருந்தாள். ஆர்விட்டின் கையில் ஊசியைப் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டு, “கூட வந்திருக்கறது உங்க மகனா?” என்று கேட்டாள்.

“இவனா?” ஆர்விட் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நீதிமன்ற ஆணையை எடுத்து, கடைசி வரியை விரலால் நீவிக் காட்டினார். “இது என்னை இவன் கூட்டிக்கிட்டுப் போற ரெண்டாவது தடவை. உக்காரும்மா. நாலு மணி நேரம் இருக்கில்ல?”

வேனில் போய்க் காத்திருக்கலாம் என்று கதவு வரை போன வெர்லின் திரும்பி வந்தார். மூலையில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“பெயிண்ட்லேர்ந்து ஆரம்பிங்க ஆர்விட்” என்றார்.